நான்காவது படம்

அன்புள்ள தங்கைக்கு,

கட்டுரை, 12 படங்கள், 40 நிமிட ஒலிப்பதிவு எல்லாம் வந்து சேர்ந்தன. கட்டுரையை இரண்டு முறை வாசித்துவிட்டேன். ஆனால் மூன்று நாளாக நான் திறந்து திறந்து பார்ப்பது நான்காவது படத்தைத்தான். ஜவுளிக்கடையின் பட்டுப்புடவைத் தளம். அலமாரி ஓரமாக ஒரு பெண் நிற்கிறார். இடது காலை ஊன்றிக்கொண்டு, வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, இடது பாதத்தின் மேல் வைத்து ஆற்றிக்கொள்கிறார். கை மட்டும் வேலையை விடவில்லை. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன புடவையை மடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காக வரவழைத்த சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நல்ல படம். நீ எடுத்ததிலேயே நல்ல படம். அதைப் போடக் கூடாது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது வேறு பலவும் சேர்ந்துகொண்டன. பொறுமையாகப் படி.

படத்தைப் பெரிதாக்கிப் பார். அவர் தோளுக்குக் கீழே பெயர் அட்டை இருக்கிறது. எழுத்து தெளிவில்லை, ஆனால் தெரிந்தவருக்கு அது போதும். சீருடைப் புடவையின் கரை, கடையின் பெயரைச் சொல்கிறது. பின்னால் உள்ள கண்ணாடியில் எதிர்ச் சுவரின் விளம்பரப் பலகை பாதி விழுந்திருக்கிறது. தியாகராய நகரில் தீபாவளித் துணி எடுத்த எவரும் இது எந்தக் கடை என்று சொல்லிவிடுவார்கள். கட்டுரையில் அவர் பெயரை மாற்றினாய், சரி. மறைத்ததைப் படம் சொல்லிவிடுகிறதே.

நம் இணைய இதழை யார் படிப்பார்கள் என்று நினைத்து நீ எழுதினாய்? உன்னைப் போன்ற பெண்கள், உன் ஆசிரியர்கள், நான். அவர்கள் படிப்பார்கள்தான். ஆனால் கட்டுரை வெளியாகும் மாலையே யாரோ ஒருவர் மனம் நெகிழ்ந்து அதை வாட்ஸ்அப்பில் போடுவார். இரவுக்குள் அது தள மேலாளரின் கைபேசிக்குப் போய்விடும். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அந்தப் பெண் வேலைக்கு வந்து விரல் ரேகை வைக்க வேண்டும். அவருடைய அந்தக் காலைப் பொழுதை மனதில் வைத்துக்கொண்டு எழுது. படத்திலோ குரலிலோ தலைப்பிலோ வார்த்தையிலோ உனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் அவர் ஒன்பதரை மணிக்குக் கடையின் மின்தூக்கியிலிருந்து வெளியே வருவதை நினைத்துப் பார்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகையில், கணவனிடம் அடிவாங்கிய பெண்ணொருவரைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். ஆனால் அவர் வீட்டு வாசலில் இருந்த இரட்டை வேப்பமரத்தையும், அவர் சம்பாதித்து வாங்கிய தையல் மெஷினையும் விட மனம் வரவில்லை. அவை இல்லாமல் கட்டுரை வறண்டு போகும் என்று நினைத்தேன். சில நூறு பிரதிகளே அச்சான இதழ் அது. எப்படியோ ஒரு பிரதி அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கணவர் தையல் மெஷினை விற்றுவிட்டார். செய்தி தெரிந்து நான் போனபோது அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்து, "நீங்க எழுதினது எல்லாமே நிஜம்தாங்க" என்றார். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதனால் சொல்கிறேன்: படத்தை வெட்டு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள். கறுப்பு வெள்ளையாக்கினால் கரையின் நிறமும் போய்விடும். ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் இளைப்பாறுவதும், பக்கத்தில் காலியாகக் கிடக்கும் செருப்பும் மிஞ்சும். நான் இங்கே வெட்டிப் பார்த்தேன். முகம் இருந்தபோது என் கண் முகத்துக்குத்தான் போனது. இப்போது காலுக்குப் போகிறது. உன் கட்டுரை காலைப் பற்றியதுதானே? முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடலாமே என்று கேட்பாய். நிற்கிற வாகை வைத்தே கூட வேலை செய்பவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதோடு, மங்கலாக்கிய முகத்தைச் செய்திகளில் குற்றவாளிகளுக்கும் பிணங்களுக்கும் போட்டே நாம் பழகிவிட்டோம். உழைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் உண்டு: எடுத்த நாள், நேரம், இருப்பிடக் குறி போட்டிருந்தால் இடம்கூட. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை உதிர்ந்துவிடும், தரமும் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், குறிப்புகளும் அப்படியே வரும். நீ டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாய். திறந்ததும் தெரு வரை எனக்குத் தெரிந்தது. கேமராவின் அமைப்புகளில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுத்தான் இனி இப்படிப்பட்ட இடங்களுக்குள் போக வேண்டும்.

படத்துக்குக் கீழே, பார்வையற்ற வாசகர்களுக்கான விளக்கத்தில் "ஜவுளிக்கடைப் பெண்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். திரைவாசிப்பான் வழியாக நம்மைக் கேட்கிறவருக்கு நீ பார்த்ததில் எதுவுமே போய்ச் சேராது. இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் நான் எழுதியதுபோல நீயும் இரண்டு வாக்கியம் எழுதலாமே.

ஒலிப்பதிவுக்கு வருகிறேன். ஒன்பதாவது நிமிடத்தில் அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். கடைக்கு வந்ததும் ஒரு மடக்கு, மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர், அதற்கு மேல் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும், போனால் தளத்தில் ஆள் இல்லை என்று சத்தம் வரும். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சமையல் பக்குவம் சொல்வதுபோல அளவாகச் சொல்கிறார். பிறகு நீர்க்கடுப்புக்கு மோரில் என்ன போட்டுக் குடிக்கலாம் என்று உனக்கே வைத்தியம் சொல்கிறார்.

உன் கட்டுரையில் இந்த இடம் நான்காம் பக்கத்தில், ஒரு வரியில், "சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட உடல்நலக் கேடுகள்" என்று சுருங்கிக் கிடக்கிறது. முதல் இரண்டு பக்கமும் ஆணாதிக்கம், கட்டமைப்பு வன்முறை, உடலரசியல். இந்தச் சொற்களின் மீது எனக்குப் பகை இல்லை. அவற்றைத் தமிழில் புழங்கவைக்க என் தலைமுறை பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் தண்ணீரை அளந்து குடிப்பதைப் படித்துவிட்டு வருகிறவருக்கு "உடலரசியல்" என்ற சொல் எரியும். அதற்கு முன்னால் வந்தால் வெறும் தாள். தண்ணீரை முதல் வரிக்குக் கொண்டு வா. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று அவர் சொன்னதை நீ "வெரிகோஸ் வெயின்ஸ்" என்று திருத்தியிருக்கிறாய். அவர் சொன்னது நோயின் பெயர் மட்டுமா? காலைத் தொட்டுக் காட்டிச் சொன்ன சொல் அது. அதையே வை.

குரலை அப்படியே வெளியிட வேண்டும் என்கிறாய். உன் ஆசை புரிகிறது, அந்தக் குரலில் இருப்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் பத்து வருஷம் ஒரே தளத்தில் நின்றவரின் குரலை அந்தக் கடையில் அடையாளம் தெரியாதவர் யார்? பதிவின் பின்னணியைக் கவனித்தாயா? ஒலிபெருக்கி கடையின் பெயரைச் சொல்லிச் சொல்லி வாடிக்கையாளரை வரவேற்றுக்கொண்டே இருக்கிறது. அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதி, வேறொரு பெண்ணை வாசிக்கச் சொல். வாசிப்பவர் வேறொருவர் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்பவருக்குச் சொல்லிவிடு. காது கேளாதவர்களுக்காக முழுப் பேச்சையும் கீழே எழுத்தில் கொடு.

அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எப்படிக் கேட்டாய்? "பதிவு பண்ணிக்கட்டுமா அக்கா" என்று நீ கேட்பதும், "பண்ணிக்கோம்மா" என்று அவர் சொல்வதும் பதிவிலேயே இருக்கின்றன. அது பதிவு செய்வதற்கான அனுமதி. இணையத்தில் வைப்பது இன்னொன்று. அவர் நினைக்கும் பத்திரிகை, வாரம் முடிந்தால் கடலை மடிக்கப் போய்விடும். நம்முடையது போகாது; அவர் மகளுக்குப் பெண் கேட்டு வருகிற வீட்டார் ஐந்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். இதை அவருக்கு விளங்கும்படி சொல்லி மறுபடி கேள். எழுதி முடித்ததும் முழுக் கட்டுரையையும் அவருக்கு வாசித்துக் காட்டி மூன்றாம் முறை கேள். வாசித்துக் காட்டுவது வீண் வேலை என்று எங்கள் காலத்து ஆசிரியர்கள் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. நான் வாசித்துக் காட்டியபோதெல்லாம் என் கட்டுரைகள் மேம்பட்டன. ஒருவர் "நான் அழுதேன்னு எழுதாதீங்க, அன்னிக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு" என்றார். அழுகையை எடுத்துவிட்டுக் கோபத்தை வைத்தேன். பாதிக் கட்டுரை தலைகீழானது.

31ஆவது நிமிடத்தில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். கடை நடத்தும் விடுதியில் தங்கியிருக்கும் புதிய பெண் ஒருத்தியிடம் மேற்பார்வையாளர் நடந்துகொண்ட விதம் பற்றி. நீ அதை ஊர், வயது, எந்தத் தளம் என்ற விவரங்களோடு ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறாய். முழுதாக எடுத்துவிடு. அது அந்தப் பெண் சொல்ல வேண்டிய கதை. அவளை நீ பார்க்கவே இல்லை. ஊரும் வயதும் தளமும் சேர்ந்தால் பெயர் எழுத வேண்டிய தேவையே இல்லை. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை மட்டுமின்றி அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு. அச்சு, தொலைக்காட்சி, சமூக ஊடகம் எதற்கும் விலக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கை நினைத்துக்கொள். 2019இல் துணிந்து புகார் கொடுத்த ஒரு பெண்ணின் அடையாளம் காவல்துறைப் பேட்டியிலும் அரசாணையிலுமே வெளியே வந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் வெளியே வந்த செய்தியைப் படித்த மற்ற பெண்கள் அன்றிரவு என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் வழக்கு நின்றது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். முகம் தெரியாத அந்தப் பெண்கள் இத்தனை வருஷம் நிலையாக நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விடுதிப் பெண்ணின் வயது நீ எழுதியபடிதானா என்று முதலில் விசாரி. 18க்குக் கீழே என்றால் அது போக்சோ சட்டத்தின் கீழ் வரும். தெரிந்தவர் எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். நீயும் நானும் உட்பட. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது கட்டுரையை விட முந்தியது. வயது வந்தவள் என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதை அந்த அக்கா மூலமாக அவளுக்குச் சொல்லி அனுப்பு. என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

மேற்பார்வையாளரின் பெயரைப் போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாய். இன்றைக்குக் கூடாது. உன்னிடம் இருப்பது ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை. பாதிக்கப்பட்டவரே முன்வந்து, தன் பெயரில் பேசத் துணிந்து, நாள் கிழமையோடு விவரம் சொல்லும்போது அது வேறு விஷயம். பாலியல் சீண்டலைப் பற்றித் தன் பெயரில் பேசிய பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் தில்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் தனக்குப் பிடித்த எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் கொண்டாடினேன். ஆனால் அதற்காக அவர் இரண்டு வருஷத்துக்கும் மேலாக நீதிமன்றப் படி ஏறினார் என்பதையும் மறக்கவில்லை. அப்படி ஒரு வழக்கு வந்தால் தாங்கும் வழக்கறிஞரும் பணமும் இதழுக்கு இருக்கிறதா என்று ஆசிரியரிடம் நேராகக் கேட்க உனக்கு உரிமை உண்டு.

சட்டம் என்றதும் நினைவு வருகிறது. உட்காரும் உரிமையைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டாய். கட்டுரையின் முதுகெலும்பே அதுதான். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஆலைக்குள் இருந்த இந்த நாற்காலி நம் ஊர்க் கடைக்குள் வர 73 வருஷம் ஆயிற்று. 2021 செப்டம்பரில்தான் தமிழ்நாடு சட்டமன்றம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018இல் வந்துவிட்டது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. உன் கட்டுரையில் வரும் பெண் அளந்து குடிக்கும் அதே தண்ணீர்தான் அங்கேயும் தொடக்கம்.

இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்தில் 1899லேயே சட்டம் இருந்தது: கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும். அந்தக் காலத்து லண்டன் கடைப் பெண்களும் நம் ஊர்ப் பெண்கள் மாதிரியே முதலாளியின் விடுதியில் தங்கி, முதலாளி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ராத்திரி வாசல் சாத்துவதற்குள் ஓடி வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி மார்கரெட் பாண்ட்ஃபீல்ட். பகல் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, விடுதி அறையில் மற்ற பெண்கள் தூங்கிய பிறகு, கடைப் பணியாளர் சங்கத்தின் இதழுக்கு எழுதினார். சொந்தப் பெயரில் எழுதினால் வேலை போய்விடும். அதனால் கிரேஸ் டேர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1929இல் அதே பெண் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார், அதுவும் தொழிலாளர் துறைக்கு.

இதை உன்னிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவர் கடைக்குள் இருந்து எழுதினார். நீ வாடிக்கையாளராக உள்ளே போய் எழுதினாய். படம் எடுப்பதற்காக எத்தனை புடவையைப் பிரித்துக் காட்டச் சொன்னாய்? ஒலிப்பதிவில் கேட்கிறது, "அந்த மாம்பழக் கலர் காட்டுங்க, வேண்டாம், அதுக்குக் கீழே இருக்கறது." நானும் அப்படித்தான் நாற்பது புடவையைப் பிரிக்கவைத்து ஒன்றை எடுத்துவந்தவள். படத்தில் அந்தப் பெண் மடித்துக்கொண்டிருந்தது நம்மைப் போன்ற ஒருத்தி போட்டுவிட்டுப் போனதைத்தான். உன் கட்டுரையில் முதலாளி இருக்கிறார், மேற்பார்வையாளர் இருக்கிறார், நீ இல்லை. பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதுபோல் எழுதியிருக்கிறாய். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நமக்கு முக்காலி போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் இல்லை. நீ உட்கார்ந்திருந்த முக்காலியைக் கட்டுரைக்குள் கொண்டு வா. வாசிப்பவளும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தக் கடைப் பெண்ணையே எழுதச் சொல்ல முடியுமா என்றும் யோசி. எழுத நேரமில்லை என்றால் சொல்லச் சொல், நீ எழுத்தாக்கு. கட்டுரைக்கு மேலே அவர் தேர்ந்துகொள்ளும் புனைபெயர் இருக்கட்டும், கீழே சிறிய எழுத்தில் உன் பெயர் வரட்டும். புனைபெயரைக் கோழைத்தனம் என்று நினைக்காதே. ஒரு சின்ன ஊரில், வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல், யாருக்கும் தெரியாமல் எழுதிய கவிதைகளை சல்மா என்ற பெயர்தான் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கபர் லஹரியாவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 2002இல் உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட்டில், தலித் பெண்கள் உள்ளிட்ட கிராமத்துப் பெண்கள் தங்கள் பேச்சுமொழியில் தொடங்கிய பத்திரிகை. பிறகு கைபேசியும் வீடியோவுமாக இணையத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. உலகமே கைதட்டிய நேரத்தில் அவர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள்: படம் நெகிழவைக்கிறது, ஆனால் எங்கள் வேலையின் ஒரு பகுதியை எடுத்து அதையே முழுமைபோல் காட்டுகிறது என்று. மற்றவர் கதையைச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் தங்கள் கதை அடுத்தவர் கையில் போனபோது அப்படித்தான் இருந்தது. அன்போடு எடுத்த படம்தான் அது. அன்பு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அறிக்கை பெரிய பாடம்.

தலைப்பு "நிற்கும் தேவதைகள்" என்று இருக்கிறது. தேவதையை எடுத்துவிடு. தேவதைக்குக் கழிப்பறை வேண்டாம், சம்பள உயர்வு வேண்டாம். "கண்ணீர்", "சோகம்" எதுவும் தலைப்பில் வேண்டாம். ஆசிரியர் குழு போட்டாலும் மறுத்துப் பேசு. ஜவுளிக்கடைப் பணியாளர்களைப் பற்றிய அங்காடித் தெரு படம் வந்தது 2010இல். அதைப் பார்த்து அழாத தமிழர் குறைவு. அழுகையை இன்னொரு முறை வரவைப்பது சுலபம். சட்டம் வந்த பிறகும் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்பதுதான் இன்று புதிது.

சின்ன விஷயங்கள் சில. யூனிகோடில் அனுப்பு, பாமினி எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது கொம்பும் காலும் சிதறி நான் ஒரு மாலை முழுக்கச் சரிசெய்தேன். இனிக் குரல்வழித் தட்டச்சு செய்வதானாலும் செய். ஆனால் அது கேட்டு எழுதும் லகர ளகரத்தை நம்பாமல் ஒருமுறை வாய்விட்டுப் படி. சன்மானம் எவ்வளவு என்று முன்னாலேயே கேள். பெண்ணியம் பேசும் இடத்தில் காசு பேசக் கூடாது என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூலியில்லாத உழைப்பைப் பற்றி எழுதுகிற இடத்தில்தான் முதலில் பேச வேண்டும். தர முடியாத இதழ் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும், கொடுப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. பின்னாளில் புத்தகமாக்கும் உரிமை உன்னிடமே இருக்கும்படி ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்.

கட்டுரை வந்த பிறகு உனக்கும் ஒரு மறுநாள் காலை இருக்கிறது. முகம் தெரியாத ஆண்கள் நடுராத்திரியில் உன் கைபேசிக்கு அனுப்புவதைத் தனியாக உட்கார்ந்து படிக்காதே. ஒரு வாரத்துக்குத் தோழியிடம் கொடு. அவள் படித்து, மிரட்டல் என்றால் படம் பிடித்து வைத்துவிட்டு, மீதியை அழிக்கட்டும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. நான் சொல்லாமல் இருந்து, அவர் அடுத்த வீட்டுக்காரர் வாயிலாகக் கேட்டறிந்த நாள் எனக்கு மறக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகு எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள் என்று நீ கேட்டிருந்தாய். சோர்வாக இருந்தது அந்த வரி. 1901இல் சென்னையில் கமலா சத்தியநாதன் என்ற பெண் ஒரு பெண்கள் இதழை ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆங்கிலம் படித்த பெண்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1905இல் அந்த இதழுக்கு எங்கோ பிகாரில், பர்தாவுக்குள் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண் கதை எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய ஒளியை வைத்து நாட்டை நடத்தும் கதை. பேகம் ரொக்கையாவின் "சுல்தானாவின் கனவு" முதலில் அச்சானது நம் சென்னையில்தான். நூற்றிருபது வருஷம் கழித்து அதை உலகமெங்கும் படிக்கிறார்கள். அந்தக் கதையைத் தட்டிக்கழிக்காமல் வெளியிட்ட ஆசிரியரை நினைத்து நான் சந்தோஷப்படாத வருஷம் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: திருத்திய கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடைப் பெண்ணின் வார விடுமுறையில் அவரை வெளியே எங்காவது பார். கடைக்குப் போகாதே. ஆடிக் கழிவு தொடங்கிவிட்டால் விடுமுறையே கிடைக்காது, அதற்குள் போ. வெட்டாத முழுப் படத்தை ஒரு பிரதி நல்ல தாளில் அச்சிட்டு எடுத்துப் போய் அவரிடம் கொடு. கட்டுரையை மெதுவாக வாசித்துக் காட்டு. அவர் எடுக்கச் சொல்வதை எடு, ஏன் என்று கேட்காதே. கடைசியில், அவர் தளத்தில் இப்போது நாற்காலி போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் அதில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா, உட்கார்ந்தவருக்கு அன்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. உன் கட்டுரையின் கடைசிப் பத்தி அங்கேதான் இருக்கிறது. அது வந்தபின் நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா